வாழைப்பூக் கறையும் ஒரு பாய்மரப் படகும்

அமெரிக்காவுக்குப் பெண் வீட்டுக்குப் போகிற ரிடையர்டு அப்பாக்களுக்கு என்று சில வேலைகள் உண்டு. பேத்தியை ஸ்கூல் பஸ் ஏற்றுவது, குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவது, சாயங்காலம் லைப்ரரி வரை நடந்து இன்னொரு ரிடையர்டு அப்பாவைச் சந்தித்து முழங்கால் வலி பற்றிப் பேசுவது. 2023 மார்ச்சில் மேரிலாந்து மாநிலத்து அனாபொலிஸ் போய் இறங்கிய எனக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை என் கையில் ஒரு கத்தை உப்புத்தாளைக் கொடுத்தார்.

"மாமா, உங்களுக்குத்தான் தச்சு வேலையெல்லாம் வருமே. படகுல கொஞ்சம் கறை இருக்கு. ரெண்டு நாள் தேய்ச்சா போயிடும்."

ரெண்டு நாள்! ஜூன் கடைசி வரை இழுத்தது ஸ்வாமி.

படகு என்றவுடன் மாப்பிள்ளை பெரிய புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் ஊரில் பழைய பாய்மரப் படகு, நம் ஊரில் பழைய அம்பாசடர் மாதிரி. வாங்குவது சுலபம். அப்புறம்தான் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் ட்ரைடன் என்ற 28 அடி ஃபைபர்க்ளாஸ் படகைக் கொண்டுவந்து வைத்தார்கள். நடுத்தர வர்க்கத்துக்காரனும் கடன் வாங்கிப் பாய் விரிக்கலாம் என்ற காலம் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. பிறகு எழுபதுகளில் சகட்டுமேனிக்கு வார்த்துத் தள்ளினார்கள். ஃபைபர்க்ளாஸுக்குச் சாவே கிடையாது. மட்காது, செல் அரிக்காது. அதனால் அந்தப் படகுகளில் பல இன்னமும் செஸபீக் விரிகுடாவின் ஓடைகளில் மிதந்துகொண்டு, புதுசு புதுசாக மாப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நம்முடையது 1978-ல் பிறந்தது. நீளம் முப்பது அடி. குளிர்காலத்துக்காகக் கரையேற்றி, இரும்பு முட்டுகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். ஏணி வைத்து ஏறி, குனிந்து, நாலு படி இறங்கினால் உள்ளே அறை. ரயிலில் ஃபர்ஸ்ட் கிளாஸ் கூப்பே தெரியுமில்லையா, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. ரெண்டு பக்கமும் படுக்கை, நடுவில் மடக்கு மேஜை, மூலையில் ஒரு பொம்மை அடுப்பு. சுவரெல்லாம் தேக்கு. விளக்கைப் போட்டதும் தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், எனக்கே ஒரு நிமிஷம் ஆசை தட்டிவிட்டது.

தேக்கு என்று சொன்னேனே, அதில்தான் சூட்சுமம். அது தேக்கு இல்லை. தேக்கின் தோல்.

ப்ளைவுட் மேல் மரத்தைச் சீவி ஒட்டியிருக்கிறார்கள். வெனீர் என்பார்கள். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். போஸ்ட் கார்டு ரெண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் என்ன கனம், அந்தக் கனம். ஒரு தேக்கு மரத்தைப் பலகையாக அறுத்தால் ஒரு படகு. சீவினால் ஒரு தெருவே படகாகும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் ரெண்டு கை சேர்த்தாலும் அணைக்க முடியாத பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே பர்மாக் காட்டுச் சரக்கை இங்கே அப்பளமாக இட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதற்கும் இப்போது கிராக்கி. மியான்மர் 2014 ஏப்ரலோடு முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. 2021-ல் ராணுவ ஆட்சி வந்ததும் அந்நாட்டு அரசின் மர நிறுவனத்தின் மேல் அமெரிக்கா தடை போட்டது. ஆகவே 'போனால் போகிறது, வேற ஒட்டிக்கலாம்' என்று சொல்கிற சமாசாரம் இல்லை இது.

இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறகு வந்தது. முதல் நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் கறை. படகின் குறுக்குச் சுவரில், மேல் தளத்தைத் தொடும் மூலையிலிருந்து, கன்னங்கரேல் என்று ஒரு நாக்கு கீழே தொங்கியது. ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. சுற்றிலும் வார்னிஷ் வெளுத்து, மீன் செதிலாய் உரிந்திருந்தது.

தேய்த்தேன். எண்பதாம் நம்பர் உப்புத்தாள். ஊரில் கதவு, ஜன்னல், பெஞ்சு என்று எதைத் தேய்த்தாலும் கறை போகிறவரை தேய்க்கிறதுதானே வழக்கம்? கறையும் மங்கிக்கொண்டே வந்தது. உற்சாகத்தில் ஒரு பழைய பாட்டைக்கூட முணுமுணுத்தேன். திடீரென்று ரெண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. 'அட, பளிச்சென்று ஆகிவிட்டதே' என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன்.

பளிச்சென்று ஆகவில்லை. தேக்கு தீர்ந்துவிட்டது.

கீழே இருந்த வெளிறிப்போன மட்ட மரம் குறுக்கு ரேகையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் பசையின் பழுப்புக் கோடு. நாற்பத்தைந்து வருஷம் உப்புக் காற்றிலும் மழையிலும் தப்பித்த தோலை நாற்பத்தைந்து நிமிஷத்தில் காலி பண்ணியிருந்தேன். மாப்பிள்ளை வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல மாமா" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளைகள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த 'பரவால்ல' இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூங்க விடாது.

மறுநாள் என் மனைவி வந்தாள். படகில் ஏற மாட்டேன் என்றவளை, ஏணியை நாலு பேர் பிடித்துக்கொண்டு ஏற்றினோம். கறையை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னது இது, அருவாமணையில வாழைப்பூ நறுக்கின மாதிரி இருக்கு?"

நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பதை நிறுத்தினேன். ஏனென்றால் அது அதேதான். வாழைப்பூவில் இருக்கிற துவர்ப்பும் அரிவாள்மணையின் இரும்பும் சேர்ந்தால் கை கறுக்கும். தேக்கிலும் அந்தத் துவர்ப்பு இருக்கிறது. டானின் என்று பெயர். இரும்புத் துருவும் தண்ணீரும் வந்து சேர்ந்தால் நீலக் கறுப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம். படகின் சுவரில் யாரோ மை கொட்டவில்லை. சுவரே மை காய்ச்சிக்கொண்டிருந்தது. மை மரத்துக்குள் ஊறிவிடும். மேலே தேய்ப்பது, சட்டையில் பட்ட இங்க்கைக் கத்தரிக்கோலால் எடுப்பது மாதிரி.

"அப்ப இரும்பு எங்கேர்ந்து வந்துது?" என்றாள் அடுத்து. அந்தக் கேள்விதான் எங்களை ஒரு உலுக்கு உலுக்கியது.

* * *

படகுத்துறையில் ஒரு பழைய தச்சர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு காதில் பென்சில், இன்னொரு காதில் மிஷின். மாப்பிள்ளை அவரைக் கூட்டிவந்தார். நான் 'என்ன போட்டால் கறை போகும்?' என்று ஆரம்பித்தேன். மனுஷர் கையமர்த்தினார்.

"கறையை விடு. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேளு."

திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து அதன் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். வைத்தியர் மார்பைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. கறுப்பு மூலைக்கு வந்ததும் சத்தம் மாறியது. தொப். தொப். திருப்புளியைத் திருப்பி, சுவரின் மேல் ஓரத்தில் முனையை வைத்து லேசாக அழுத்தினார். ரவா கேசரியில் ஸ்பூன் இறங்குகிற மாதிரி ஓர் அங்குலம் உள்ளே போயிற்று.

மாப்பிள்ளையின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். படகின் நடுவில் நிற்கிற உயரமான பாய்மரம் சும்மா நிற்பதில்லை. இரண்டு பக்கமும் எஃகுக் கம்பிகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. அந்தக் கம்பிகளின் அடி முனை ஓர் எஃகுப் பட்டையில் மாட்டியிருக்கும். செயின்பிளேட் என்று பெயர். பட்டை மேல் தளத்தில் ஒரு துவாரம் வழியாக உள்ளே இறங்கி, இந்தக் குறுக்குச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் படகுகளில் பலவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். காற்று பாயில் மோதும்போது பாய்மரத்தின் பாரமெல்லாம் கம்பி வழியாக இந்தச் சுவரின் மேல் மூலைக்குத்தான் வருகிறது. துவாரத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்காமல் ஏதோ மெழுகு மாதிரி அடைத்திருப்பார்கள். ஆனால் படகு போகிறபோது கம்பி இழுக்கும், தளரும், மறுபடி இழுக்கும். எந்த மெழுகு தாங்கும்? நூலிழை இடைவெளி விழுந்தால் போதும். தண்ணீர் பட்டை வழியாக வழிந்து, ப்ளைவுட்டின் வெட்டு முனையில் ஊறி, வருஷக் கணக்காக மெல்ல மட்க வைக்கும். வெளியே அழகான தேக்குத் தோல். உள்ளே கேசரி.

அந்தக் கறுப்பு நாக்கை நான் தேய்த்து மறைத்து, மேலே பளபளவென்று வார்னிஷும் அடித்திருந்தால்? மே மாதம் நடுவில் பேத்தியை ஏற்றிக்கொண்டு விரிகுடாவின் அக்கரையில் இருக்கும் செயிண்ட் மைக்கேல்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போவதாகத் திட்டம். நல்ல காற்றில் நடுத் தண்ணீரில் அந்தப் போல்டுகள் பிய்த்துக்கொண்டு வந்தால் பாய்மரம் யார் தலையில் விழும் என்று யோசித்தேன். மேற்கொண்டு யோசிக்கப் பிடிக்கவில்லை.

தச்சர் பாய் ஏற்றும் கயிற்றைக் கொண்டு பாய்மரத்துக்கு மாற்றுக் கட்டுப் போட்டுவிட்டு, பட்டையைக் கழற்றினார். வெளியே தெரிகிற பாகம் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தளத்துக்குள் மறைந்திருந்த பாகத்தில் பழுப்புப் புள்ளிகள். நடுவில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். அதன் மேல் இருக்கும் மெல்லிய கவசம் காற்றுப் பட்டால்தான் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். காற்றுப் புகாத ஈர இடுக்கில் கவசம் போய்விடும். பிறகு அதுவும் இரும்புதான். என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் தச்சரின் உள்ளங்கையில் கிடந்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் மகாநாடு. "வித்துடுங்க" என்றாள் பெண். "இதை யாரு வாங்குவா?" என்றார் மாப்பிள்ளை. "அழுகினதுன்னு சொல்லாம விப்பேளா?" என்றாள் என் மனைவி. அதோடு விற்கிற பேச்சு முடிந்தது. சொல்லி விற்றால் காசு வராது. சொல்லாமல் விற்றால் இன்னொருத்தன் பேத்தி. தச்சர் கேட்ட கூலி மாப்பிள்ளையின் வீட்டுக் கடன் ஒரு மாதத் தவணைக்குக் கொஞ்சம் மேலே. செயிண்ட் மைக்கேல்ஸ் ரத்து என்றதும் பேத்தி என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. கண்டுபிடித்ததே நான்தான் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

* * *

நல்லவேளை, அழுகல் ஒரு சாண் அகலத்தோடு நின்றிருந்தது. தச்சர் நல்ல மரம் வருகிறவரை வெட்டி எடுத்தார். வெட்டின ஓரத்தை நேராக விடாமல் நீளமாகச் சரித்துச் செதுக்கி, அதே சரிவில் செதுக்கிய புது மரைன் ப்ளைவுட்டை எபாக்ஸியால் ஒட்டினார். சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு பலமாம். தளத்தில் இருந்த துவாரத்தையும் பெரிதாக்கி, எபாக்ஸியால் நிரப்பி, மறுபடி துளைத்தார். இனிமேல் தண்ணீர் இறங்கினாலும் ஊறுவதற்கு மரம் இருக்காது. பட்டையும் போல்டுகளும் புதுசு. இதெல்லாம் அவர் வேலை. நான் விளக்குப் பிடித்தேன்.

மிச்சச் சுவரில் ஊறியிருந்த மைதான் என் பங்கு. "இனிமே உப்புத்தாளைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு, ஒரு டப்பாவில் வெள்ளைப் பொடி கொடுத்தார். ஆக்ஸாலிக் ஆஸிட். பசலைக்கீரையில் துளித் துளி இருக்கிறதே, அதே சாமான். டப்பாவில் இருப்பது விஷம். மூச்சில் போனால் தொண்டை எரியும், வயிற்றுக்குள் போனால் சிறுநீரகம் போகும். முகமூடி, ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டதில் நான் ஏதோ ஆபரேஷனுக்குப் போகிறவன் மாதிரி இருந்தேன். பேத்தி எட்டி நின்று போட்டோ எடுத்தாள். பேச்சு வார்த்தை அப்போதுதான் மறுபடி துவங்கியது.

முதலில் பழைய வார்னிஷை முழுக்க எடுக்க வேண்டும். அது இருந்தால் ஆஸிட் உள்ளே இறங்காது. வார்னிஷ் கரைக்கும் களிம்பைத் தடவி, இளகியதும் மழுங்கின தகட்டால் வழித்து எடுத்தேன். வார்னிஷ் மட்டும்தான் வர வேண்டும், மரம் வரக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து உப்பைப் போக்கினேன். உப்பு இருந்தால் மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் விட்டுப் பொடியைக் கரைத்து, நைலான் பிரஷ்ஷால் பூசினேன். இரும்பு வாளியோ கம்பி பிரஷ்ஷோ கூடாது. இரும்பை வெளியேற்றப் போய் இரும்பையே கொண்டு கொடுப்பதாகிவிடும். கறை இருக்கிற இடத்தில் மட்டும் தடவுவதும் தப்பு. அங்கே மட்டும் வெளுத்துக் கண்ணாடி போட்ட ஆந்தை மாதிரி ஆகிவிடும். பலகை பூராவும் பூச வேண்டும்.

இருபது நிமிஷம். கண்ணெதிரே நடந்தது. கன்னங்கரேல் கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பல் பழுப்பாயிற்று. ஆஸிட் இரும்பைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு தண்ணீரில் கரைகிற உப்பாகிவிடுகிறது. பிறகு கழுவினால் போயிற்று. காய்ந்த பிறகு இரண்டாம் தடவை பூசியதும் தேக்கின் ரேகை ஒன்றொன்றாக எழுந்து வந்தது. கறுப்புக்கு அடியில் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் தாலாட்டுகிற மாதிரி துடைத்தேன். அப்புறம் சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் மிச்ச ஆஸிட்டை அடக்கி, மறுபடியும் நல்ல தண்ணீர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பாத்ரூமுக்குப் போடுகிற பிளீச்சிங் திரவத்தையும் கொஞ்சம் சேர்த்தால் சீக்கிரம் வெளுக்குமே என்று மாப்பிள்ளை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். தச்சர் நாலு கால் பாய்ச்சலில் வந்து பிடுங்கினார். அதை ஆஸிட்டோடு கலந்தால் குளோரின் வாயு. ஃபர்ஸ்ட் கிளாஸ் கூப்பே அளவு அறைக்குள் அது நிரம்பினால் கறை இருக்கும், நாங்கள் இருக்க மாட்டோம். இத்தனைக்கும் இரும்புக் கறைக்கு அந்தத் திரவத்தால் பிரயோஜனமும் இல்லையாம். பூஞ்சைக்கு மட்டும்தான்.

அதற்கப்புறம்தான் நிஜமான சோதனை. ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஈரமான மரத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் பால் மாதிரி வெளுத்து உரியும். மூன்று வாரம் அறைக்குள் ஈரம் உறிஞ்சும் மிஷினை ஓடவிட்டோம். மாப்பிள்ளை தினம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். "காஞ்சிடுச்சு மாமா." "இல்ல." "தொட்டுப் பாத்தேன்." "மரத்துக்குக் கை தெரியாது, மீட்டரைப் பாருங்க." ஈரம் காட்டும் மீட்டர் பதினைந்துக்குக் கீழே இறங்கியபோது ஜூன் பிறந்துவிட்டது.

இதற்கிடையில் தச்சர் வைத்த ஒட்டுப் பலகைக்கு மேலே புது வெனீர் ஒட்டியிருந்தது. ரெண்டும் தேக்கு. ஆனால் பழசு தேன், புதுசு வெளிறின பச்சைப் பழுப்பு. 'சாயம் பூசலாமா?' என்றேன். 'வெயிலைக் கேளு' என்றார் அவர். புதுத் தேக்கு வெளிச்சம் பட்டால் தானே கனிந்து நிறம் ஏறுமாம். ஜன்னல் திரையை எடுத்துவிட்டோம். ரெண்டு வாரத்தில் முக்கால்வாசி ஒத்துப்போயிற்று. மீதிக் கால்வாசி தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். எனக்கு அது மட்டுந்தான் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

வார்னிஷ் நாலு பூச்சு. முதல் பூச்சைத் தண்ணியாகக் கரைத்து மரம் குடிக்கவிட்டோம். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் பேருக்கு ஒரு தடவல், அவ்வளவுதான். கடைசிப் பூச்சு மட்டும் பளபளப்பில்லாத மங்கல் ரகம். கண்ணாடி மாதிரி மின்னினால் அந்தச் சின்ன அறைக்குள் கண் கூசும்.

நான் தேய்த்துத் தீர்த்த ரெண்டு விரல் அகல இடம்? தூரிகையால் தேக்கு ரேகை வரைந்து பார்த்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அது தேக்கைத் தவிர மற்ற எல்லாம் மாதிரி இருந்தது. கடைசியில் என் மனைவி ஒரு பித்தளைக் கடிகாரம் வாங்கிவந்து, "இங்க மாட்டுங்கோ" என்று விரலை வைத்துக் காட்டினாள். மாட்டினோம். பார்த்தவர்களெல்லாம் கடிகாரத்தைப் பாராட்டுகிறார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும், "மாமா செலக்ஷன்" என்கிறார், என்னைப் பார்க்காமல்.

ஜூன் கடைசியில் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மறுநாள் காலை அக்கரை போவதாகத் திட்டம். அன்று ராத்திரி மழை என்றால் உங்கள் வீட்டு மழை எங்கள் வீட்டு மழை இல்லை. இடியும் மின்னலுமாக ஊரே அதிர்ந்தது. பதினொரு மணிக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஹாலுக்கு வந்தால் மாப்பிள்ளை ரெயின்கோட் மாட்டிக்கொண்டு கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "நானும் வரேன்" என்றேன்.

படகு கட்டுத்துறையில் ஆடிக்கொண்டிருந்தது. நனைந்த கோழிகளாக உள்ளே இறங்கினோம். மாப்பிள்ளை டார்ச் அடித்தார். நான் பேப்பர் நாப்கினை எடுத்து, பட்டை தளத்திலிருந்து இறங்குகிற மூலையில் அழுத்திப் பிடித்தேன். மேலே கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை. பித்தளைக் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் பார்த்தோம். நாப்கினை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன்.

"என்ன மாமா?"

அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். மொரமொரவென்று காய்ந்திருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காப்பி போடட்டுமா?" என்று அந்தப் பொம்மை அடுப்பைப் பற்ற வைத்தார்.